பேகம்பூர்த் தோலும் வேம்பார் உப்பும்

திண்டுக்கல்,
20.2.2024

முனைவர் நர்கீஸ் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றிய குப்பிகளும் ஒரு பிளேட்டும் இருக்கின்றன. முதலில் அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு இதைப் படிக்கவும்.

உங்கள் நம்பரை மூன்று வருடமாக நான் பிளாக் செய்து வைத்திருப்பதால் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. பிளாக்கை எடுத்துவிடலாம்தான். எடுத்தால் நீங்கள் கூப்பிடுவீர்கள். கூப்பிட்டால் நான் அழுதாலும் அழுதுவிடுவேன், திட்டினாலும் திட்டிவிடுவேன். கடிதமே நல்லது.

விஷயம் என்னுடையதல்ல, பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கிற உங்கள் மாமு அப்துல் ஹக்கீமுடையது. போன மாதம் அவர் எங்கள் கல்லூரிக்கே வந்துவிட்டார். கையில் சாக்கு. சாக்குக்குள் உப்புப் போட்ட ஆட்டுத்தோல். ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தாயி, நம்ம நர்கீசோட மதுரையில படிச்ச புள்ளைதானே நீ? இங்க பாரு, மண்டியில இருக்குற தோல்ல செவப்புச் செவப்பாப் புள்ளி விழுகுது. தொட்டாப் பிசுபிசுங்குது. உப்புப் போட்ட தோல்ல எதுவும் பொழைக்காதுன்னுதானே உப்பே போடுறோம்? பக்ரீத்துக்கு மலை மாதிரி தோல் வந்து எறங்கும். அம்புட்டும் கெட்டா நான் என்ன செய்யுறது?" என்றார்.

அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுத்து, உப்பு கூட்டிய அகார் கூழ் பிளேட்டில் என் மாணவி பானுப்ரியா வளர்த்துவிட்டாள். அழகான இளஞ்சிவப்பு. இது பாக்டீரியாதான், ஆனால் எந்தப் பாக்டீரியா என்று எப்படிச் சொல்வது? மைக்ராஸ்கோப்பில் எல்லாமே ஒரே குச்சி.

மாமுவும் அதைத்தான் கேட்டார். நான் சொன்னேன்: ஒவ்வொரு உயிருக்குள்ளும் புரதம் செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது, ரைபோசோம் என்று பெயர். ஆட்டுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, இந்தச் சிவப்புக்கும் உண்டு. பாக்டீரியாவின் பட்டறைக்குள் ஒரு ஆர்.என்.ஏ. இழை, நாலே எழுத்தை மாற்றி மாற்றி எழுதியது, ஆயிரத்து ஐந்நூறு எழுத்து நீளம். பட்டறை நின்றால் உயிர் நின்றுவிடும் என்பதால் அந்த எழுத்துகள் லேசில் மாறாது. யுகத்துக்கு ஒன்று இரண்டு மாறும். எவ்வளவு மாறியிருக்கிறதோ அவ்வளவு தூரத்துச் சொந்தம். மாமு உடனே, "அப்ப பொண்ணு கேக்கப் போகும்போது நாம வகையறா விசாரிக்கிற மாதிரின்னு சொல்லு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வருடா வருடம் பாடமாக நடத்துகிற விஷயம்தான். ஒரு தோல் வியாபாரியிடம் சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று மறுபடி தெரிந்தது.

எங்கள் கல்லூரியில் அந்த எழுத்து வரிசையைப் படிக்கிற வசதி இல்லை. உங்களிடம் இருக்கிறது. முடிந்தால் படித்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
கிளாரா


வேம்பார்,
27.2.2024

அடியே கிளாரா,

"முனைவர் நர்கீஸ் அவர்களுக்கு" என்று படித்ததும், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

உன் கல்யாணத்தில் நான் சொன்னது தப்புதான் என்று ஒப்புக்கொள்வேன் என நீ எதிர்பார்க்கிறாய். "நல்ல மூளையை ஊறுகாய் போட்டுட்டியேடி" என்று சர்ச் வாசலில் வைத்துச் சொன்னேன். சொன்ன இடம் தப்பு. சொன்னது தப்பில்லை. பி.எச்டி.யைப் பாதியில் விட்டுவிட்டு, அட்டெண்டன்ஸ் எடுக்கப் போனவள் நீ. வகுப்பிலேயே உன்னைப் போல ஒரு கை யாருக்கும் கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது உன் பிளேட்டைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடிவிட்டது. என்ன சுத்தம்! ஒரு காலனியோடு இன்னொன்று ஒட்டவில்லை. பானுப்ரியா போட்டது என்கிறாய். சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் லேபில் மூன்று பேரை உட்கார வைத்து அந்தப் பிளேட்டைக் காட்டினேன். "திண்டுக்கல்ல என் கூட்டாளி போட்டது" என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். நீ அதை மறுத்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

மாமுவின் சிவப்பையும் படிக்க வேண்டியவற்றோடு சேர்த்துவிட்டேன். ஆனால் செத்தப் பொறுக்க வேண்டும். என் வேலை ஒன்று முன்னால் நிற்கிறது. யாரிடமும் சொல்லாதே.

போன செப்டம்பரில் பாஸ்கல் என்பவருடைய வள்ளத்தில் போய்க் கடலடிச் சேறு எடுத்து வந்தேன். எட்டு இடம், எட்டுக் குப்பி. அதில் ஒரே ஒரு குப்பியில் மட்டும் ஒரு பாக்டீரியா. ரைபோசோம் வரிசையைப் படித்து, உலகத்தில் இதுவரை பதிவான அத்தனையோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மிக நெருங்கிய சொந்தமே நூற்றுக்குத் தொண்ணூற்றாறுதான் ஒத்துப்போகிறது. புரிகிறதா? புது இனம். யாரும் பார்க்காதது! அது மட்டுமில்லை. அந்தக் குப்பிச் சேறு மற்ற ஏழையும்விடப் பல மடங்கு கரிப்பு. கடலுக்கு அடியில் அந்த இடத்தில் உப்பு ஊற்று இருக்கிறது என்று நான் எழுதப் போகிறேன். நம் கரையில் இதுவரை யாரும் சொல்லாதது. என் வேலை தற்காலிகம், ஜூனோடு முடிகிறது. இந்தக் கட்டுரை அச்சேறினால் நிரந்தரமாக்கலாம் என்று எங்கள் ஆய்வு நிலைய இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

பெயரும் வைத்துவிட்டேன். என்னவென்று சொல்ல மாட்டேன். அச்சில் வரும்போது பார்த்துக்கொள்.

நர்கீஸ்


திண்டுக்கல்,
8.3.2024

நர்கீஸ்,

வாழ்த்து. முழு மனதோடு சொல்கிறேன். உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் ராயப்பராஜிடம் மட்டும் படித்துக் காட்டினேன். அவர் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர், பாக்டீரியா என்றாலே கை கழுவப் போய்விடுவார். அவரே, "ஒரு குப்பியை வச்சுக்கிட்டுக் கடலுக்கு அடியில ஊத்து இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா? பெரிய ஆளுதான் ஒன் கூட்டாளி" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பொறாமையும் இருந்தது, இல்லை என்றால் நீ நம்ப மாட்டாய்.

ஊறுகாய் விஷயத்தை இப்போது பேச வேண்டாம். என் அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருடம் அது. உனக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் அட்டெண்டன்ஸ் என்கிறாய்.

ஒரு சின்ன விஷயம். மாமுவின் தோலில் இருந்த பாக்டீரியாவுக்கு உப்பைக் குறைத்துக்கொண்டே வந்து பார்த்தோம். கடல்நீர் அளவுக்கு உப்பு வைத்தால் அது வளரவே இல்லை. மூன்று பங்கு, நாலு பங்கு உப்பு கேட்கிறது. அதற்குக் கடல்நீர் கஞ்சித்தண்ணி மாதிரி சப்பென்று இருக்கும் போலும். பானுப்ரியா, "மேடம், இது நம்மளவிட வெவரம், உப்பில்லாப் பண்டம் தொட மாட்டேங்குது" என்கிறாள்.

நோன்பு வருகிறது. எங்களுக்குத் தவக்காலம். நீயும் நானும் ஒரே சமயத்தில் பட்டினி கிடந்து ரொம்ப நாளாகிறது.

கிளாரா


வேம்பார்,
19.3.2024

கிளாரா! கிளாரா! கிளாரா!

பிளாக்கை எடுடீ, பாவி. இதைக் கடிதத்திலா எழுதுவது?

மாமுவின் சிவப்பு படித்தாகிவிட்டது. அதை என் பாக்டீரியாவின் வரிசைக்குக் கீழே வைத்தேன். முதல் எழுத்து ஒத்தது. நூறாவது ஒத்தது. கடைசிவரை ஒத்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை! குப்பி மாறிப்போயிற்றோ என்று திரும்பவும் முதலிலிருந்து செய்தேன். அதே. கடலடியில் நான் எடுத்ததும் பேகம்பூர்த் தோல் மண்டியில் மாமு சுரண்டியதும் ஒன்றேதான்.

எப்படி என்று கேள். மாமு தோலுக்குப் போடுகிற உப்பு எங்கிருந்து வருகிறது? எங்கள் வேம்பார் உப்பளத்திலிருந்து. கடல்தண்ணீரை அளத்தில் பாய்ச்சுகிறார்கள். ஊற்றிலிருந்து கிளம்பிய பாக்டீரியா தண்ணீரோடு அளத்துக்கு வந்து, உப்புக் கல்லுக்குள் ஒடுங்கி, மூட்டையில் ஏறி, லாரியில் திண்டுக்கல் வந்து இறங்கிவிட்டது. நீ எழுதியிருந்தாயே, உப்புக் குறைந்தால் வளராது என்று? என்னுடையதும் அதேதான்! ஊற்றில் பிறந்தது அல்லவா? என் கதைக்கு உன் தோல்தான் சாட்சி.

எட்டுக்கால் பூச்சிக்கும் பல்லிக்கும் உருவம் பார்த்து இனம் சொல்லிவிடலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்று, கடலில் ஓர் இடத்திலும் கரையில் இவ்வளவு தள்ளி இன்னோர் இடத்திலும், "ரெண்டும் நானேதான்" என்று எழுத்தாலே சொல்கிறது. சுபுஹானல்லா. நோன்பு திறக்கக்கூட மறந்துவிட்டேன்.

கட்டுரையின் வரைவை, இனத்தின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, இதோடு வைத்திருக்கிறேன். பாஸ்கலுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், மாமுவுக்கும். உன் பெயரும் ஓர் இடத்தில் இருக்கும். ஏப்ரல் முதல் வாரம் ஆய்விதழுக்கு அனுப்புகிறேன். குற்றம் கண்டுபிடித்துத் தா. உன்னைவிட்டால் அதற்கு ஆள் இல்லை.

நர்கீஸ்


திண்டுக்கல்,
29.3.2024
பெரிய வெள்ளி

நர்கீஸ்,

இதற்கு முன் இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இன்று கல்லூரி இல்லை, சாக்குச் சொல்லவும் வழி இல்லை.

உன் வரைவைப் படித்தேன். நல்லவேளை நான் ஆராய்ச்சியை விட்டேன் என்று தோன்றியது. இப்படி எழுத எனக்கு வராது. ரைபோசோம் வரிசையை வைத்து நீ போட்டிருக்கிற கிளை மரத்தில், உன் பாக்டீரியா தனியாக ஒரு கொப்பில் உட்கார்ந்திருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் குற்றமே இல்லை. அது புது இனம்தான்.

ஊற்றுத்தான் எனக்கு இடிக்கிறது.

எட்டுக் குப்பியில் ஒன்றுதான் கரிக்கிறது. அதில்தான் பாக்டீரியா. பக்கத்து இடத்துச் சேற்றில் அதன் தடம்கூட இல்லை. தடத்தையே காணோம் என்றால், அத்தனை பெரிய கடலில் கலந்து கரைந்து, கஞ்சித்தண்ணி மாதிரி சப்பென்ற நீரில் உயிர் பிழைத்து, அது அளத்துக்கு எப்படி வந்து சேரும்? கடலிலிருந்து உப்புக்குப் போனது என்று நீ எழுதியிருக்கிறாய். உப்பிலிருந்து குப்பிக்கு வந்திருந்தாலும் இதே எழுத்து, இதே கரிப்பு, எல்லாம் இப்படியேதான் இருக்கும்.

நீ வரைவில் எழுதியிருக்கிறாய்: "மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கரை சேர்க்கப்பட்டன." செப்டம்பர் வெயில். வள்ளம். மத்தியானம் தாண்டிக் கரை திரும்பியிருக்கிறீர்கள்.

மதுரை ஹாஸ்டலில் நீ வாளியில் குல்ஃபி போடுவாய். உன் அத்தா பேகம்பூரில் குல்ஃபி வண்டி ஓட்டியவர், உனக்கு அது கைவந்த கலை. ஐஸ் உருக ஆரம்பித்தால் உனக்குப் பொறுக்காது. மெஸ்ஸிலிருந்து கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்து, குளிர் கூடட்டும் என்று வாளியில் வீசுவாய். "உப்புப் போடாதவ கையில குல்ஃபி ஒறையாதுடி" என்பாய். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

நர்கீஸ், அந்த வள்ளத்தில் ஐஸ் உருகியதா? நீ உப்புப் போட்டாயா?

இல்லை என்று நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன். மறுபடி கேட்க மாட்டேன்.

கிளாரா


வேம்பார்,
4.4.2024

கிளாராவுக்கு,

ஒருத்தி சேற்றையும் ஐஸையும் சுமந்து, ஏழு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒன்றைக் கண்டுபிடிப்பாள். இன்னொருத்தி திண்டுக்கல்லில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஹாஸ்டல் குல்ஃபியை வைத்து அதை உடைப்பாள். பொறாமை இருந்தது என்று நீயேதான் எழுதினாய்.

உன் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள். இனி நீ எழுதவும் வேண்டாம்.

நர்கீஸ்


திண்டுக்கல்,
9.4.2024

நர்கீஸ்,

கவனித்தேன்.

பெருநாள் வாழ்த்துகள். மாமு வீட்டிலிருந்து பிரியாணி வருகிறதாம், முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்கள். தோலிலிருந்து உதறிய உப்பையே திரும்பத் திரும்பப் போட வேண்டாம் என்று மாமுவிடம் சொல்லியிருக்கிறேன்.

பொறாமையால் கேட்கவில்லை. நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் அச்சில் கேட்டு, நீ தலைகுனிந்து நிற்கிறதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் கேட்டேன். கேள்வியை நான் திரும்ப வாங்க மாட்டேன். உன்னையும் விட மாட்டேன்.

நேற்று பிளாக்கை எடுத்துவிட்டேன்.

கிளாரா


வேம்பார்,
30.4.2024

கிளாரா,

நீ பிளாக்கை எடுத்த பிறகு தினமும் போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். கூப்பிட்டால் அழுதாலும் அழுதுவிடுவேன், திட்டினாலும் திட்டிவிடுவேன். கடிதமே நல்லது.

போட்டேன்.

ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகிவிட்டது. பாஸ்கல் மீனுக்கு வைத்திருந்த உப்புச் சாக்கு காலடியிலேயே கிடந்தது. கை தானாகவே போய் அள்ளியது. போட்டுவிட்டு, "பார்த்தீங்களாண்ணே, எங்க அத்தா வித்தை" என்று அவரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அது எழுதி வைக்கிற விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டதை யாராவது எழுதி வைப்பார்களா? உன் கடிதத்தைப் படித்த கணம் எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அப்படி எழுதினேன்.

பிறகு நீ என்ன செய்வாயோ அதையே செய்தேன். அந்தக் குப்பியின் மூடியை எடுத்துப் பார்த்தால், மரையில் மயிரிழை வெடிப்பு. உப்பு கரைந்த ஐஸ்தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. பாஸ்கலிடம் போய் அவர் உப்பு வாங்குகிற அளத்திலிருந்தே ஒரு பிடி வாங்கிவந்து அகாரில் தூவினேன். இளஞ்சிவப்பு. படித்தேன். அதே எழுத்து, முதலிலிருந்து கடைசிவரை. மீன்பிடித் தடைக்காலம்தான், ஆனால் விசைப்படகுக்குத்தானே தடை? வள்ளத்தில் போய் அதே இடத்தில் மறுபடி சேறு எடுத்தோம். கரிப்பும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பாஸ்கல், "ஊத்தும் இல்ல ஒரு எழவும் இல்ல, வாங்கம்மா, நெத்திலி கெடக்கு, சாப்பிட்டுப் போவோம்" என்றார். வள்ளத்தில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். இயக்குநரிடம் நானே போய்ச் சொன்னேன். நிரந்தர வேலை வேறு ஒருவருக்குப் போகிறது. எனக்கு டிசம்பர் வரை நீட்டித்திருக்கிறார். வலிக்கிறது கிளாரா. வலிக்கவில்லை என்று பெருந்தன்மை பேச எனக்குத் தெரியாது.

ஆனால் ராத்தூக்கம் வருகிறது. என்னோடு படித்தவர்களில் யார் கேட்டிருந்தாலும் அந்தக் கேள்வியை நான் தட்டிவிட்டிருப்பேன். ரைபோசோமை என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ரைபோசோமையும் என்னையும் சேர்த்துப் படித்தவள் நீ ஒருத்திதான். ஊறுகாய் போட்டது உன் மூளையை அல்லடி. உன் அப்பா படுத்திருந்த வருடத்தில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இடமும் தப்பு, சொன்னதும் தப்பு.

இப்போது வேலைக்கு வா. ஊற்றுதான் பொய். பாக்டீரியா பொய் இல்லை. அது இன்னும் புது இனம்தான், உப்பில் வாழ்கிற இனம். ஆனால் எங்கிருந்து கிடைத்தது என்று எழுத வேண்டிய இடத்தில் என் குப்பியை இனி எழுத முடியாது. ஒழுங்காக, சந்தேகமில்லாமல் பிரித்து எடுத்தது உன் பிளேட்தான். அந்த இனத்துக்கு மூல மாதிரி அதுதான்.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பு நான் வைத்த பெயர் உன்னுடையது. 'கிளாரே', லத்தீனில் கிளாராவின் என்று அர்த்தம். நீ என்னோடு பேசாமல் இருந்தபோது வைத்தது. எவ்வளவு நாள் பிளாக் செய்வாய், உலகத்துப் புத்தகத்தில் எல்லாம் உன்னை ஏற்றிவிடுகிறேன் என்று ஒரு வீம்பு. ஆனால் கட்டுரை எழுதுகிறவர்கள் தங்கள் பெயரையே இனத்துக்குச் சூட்டிக்கொள்வது முறையில்லை. நீ எழுதுகிறவளாக வந்தால் அந்தப் பெயர் போய்விடும். வராமல் இருந்தால், நான் நன்றி சொல்லிவிட்டு உன் பெயரை அதற்கு வைக்கலாம். அது அழியாது. கட்டுரை எழுதியவர்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இரண்டில் ஒன்று. நீயே சொல்.

நர்கீஸ்


திண்டுக்கல்,
6.5.2024

என் நர்கீஸ்,

உன் கடிதத்தை வகுப்பு நடுவில் படித்துவிட்டேன். பானுப்ரியா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியை எடுத்துப் பார்த்தாயே, அளத்து உப்பைத் தூவினாயே, திரும்பப் போய்ச் சேறு எடுத்தாயே! உன்னுடையதை உடைக்க நீயே ஒவ்வோர் அடியாக நடந்திருக்கிறாய். கேள்வி கேட்டது நான்; கேட்பது லேசு. எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. இதை மூன்று வருடத்துக்கு முன்பும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ராயப்பராஜிடம் கேட்டேன். "உயிரோட பேரே ஒன் பேரா இருக்கும்னா யாரு வேணாம்பா?" என்றார். மாமு மண்டியில் நின்றபடி, "தோலக் கெடுக்குற சனியனுக்கு ஒன் பேரையா வைக்கிறா?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு நல்ல செய்தி: புது உப்புக்கு மாறிய பிறகு சிவப்பு விழுவது நன்றாகக் குறைந்துவிட்டது. பக்ரீத் பயம் தெளிந்திருக்கிறது.

யோசித்தேன். உலகம் உள்ளவரை கிளாரா என்று ஒன்று இருக்கும். அதற்குக் கிளாரா யாரென்று தெரியாது. அதைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் தெரியாது. ஏதோ ஒரு பெண், இவர்களுக்குத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது வேண்டாம்.

வேலை செய்தவள் பெயர் எழுதுகிற இடத்தில் என் பெயரை எழுது. உன் பெயருக்கு அடுத்து. அதற்கு அடுத்து பானுப்ரியா. கடைசியில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, நீ ஞாபகம் வைத்திருந்தாயே, போதும்.

இனத்துக்கு நம் ஊர்ப் பெயரை வை. கடலே இல்லாத திண்டுக்கல்லிலா உப்புப் பாக்டீரியா என்று யாராவது கேட்கட்டும். கேட்பவருக்குப் பதில் சொல்லத்தான் கட்டுரை இருக்கிறதே.

பக்ரீத்துக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? நேராக என் வீட்டுக்கு வா. ஐஸ் நான் வாங்கி வைக்கிறேன். உப்பு நீ போடு.

கிளாரா